அணுவுக்கு எடை போட்ட ஆஸ்டன்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, எல்லாரையும் போல நானும் சர் சி.வி. ராமனைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன மலரிலும் ராமன், அதற்கு முந்தின மலரிலும் ராமன்! அதனால நம்ம பசங்க அதிகம் கேள்விப்படாத ஒருத்தரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன். இங்கிலாந்துக்காரர். 1922-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1945-லேயே காலமாகிவிட்டார்.

அவர் எனக்கு அறிமுகமான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் செமஸ்டர் முடிந்து நாங்கள் ஆறு பேர் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போனோம். முதல் நாள் சுற்றிக்காட்டிய அதிகாரி, டிப்ளமோ பசங்களுக்கு இங்கே பெரிசா ஒண்ணும் வேலை இல்லை, வேக்குவம் பம்புக்கு ஆயில் மாற்றத் தெரிந்தால் போதும் என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வேறென்ன செய்வது? ஆனால் அன்று ராத்திரி ரூமில் ஒருத்தனும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் எங்களை ஒரு ஏசி அறையில் விட்டார்கள். அங்கேதான் அந்தக் கருவி இருந்தது. லேசர் வைத்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பாடப்புத்தகத்தில் நிறை நிறமாலைமானி என்று போட்டிருப்பார்களே, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேலை செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் (நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்) பொறுமையாக விளக்கினார். ஒரு உலோகத் தகட்டில் பொட்டு பொட்டாக சாம்பிளை வைத்துக் காயவிடுவார்கள். தகடு வெற்றிடத்துக்குள் போகும். 337 நானோமீட்டர் அலைநீளமுள்ள நைட்ரஜன் லேசர், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி, அந்தப் பொட்டின் மேல் துடிப்பு துடிப்பாக அடிக்கும். மூலக்கூறுகள் பிய்த்துக்கொண்டு கிளம்பி அயனியாகும். அவற்றை மின்னழுத்தம் ஒரு நீளமான குழாய்க்குள் தள்ளிவிடும். எடை குறைந்தது முதலில் போய்ச் சேரும், கனமானது பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறார்கள். எல்லாம் மைக்ரோ விநாடிக் கணக்கு.

அக்கா செய்துகொண்டிருந்த வேலையில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. எல்லா மூலக்கூறும் அந்த லேசர் ஒளியை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் அது பாட்டுக்குத் தகட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வழக்கமாக இதற்கு, ஒளியை உறிஞ்சும் வேறொரு பொருளை நிறையச் சேர்த்து சாம்பிளோடு படிகமாக்குவார்கள். லேசர் அந்தப் பொருளைத் தூக்கும், அது சாம்பிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பும். ஆனால் அந்தச் சேர்மானத்தின் கோடுகளே ரெக்கார்டில் குப்பையாக விழும். அதைத் தவிர்க்க, தேடுகிற மூலக்கூறோடு பைரீன் என்ற ஒரு சின்ன டேக்கை வேதிப்பிணைப்பால் கோத்துவிடுகிறார்கள். நாலு பென்சீன் வளையம் ஒட்டினாற்போல இருக்கும் பைரீன் இந்த ஒளியை நன்றாகக் குடிக்கும். டேக் கட்டியது மட்டும் லேசர் பட்டதும் அயனியாகிப் பறக்கும். டேக் இல்லாதது சத்தமில்லாமல் கிடக்கும். நூறு பொருள் கலந்த கஷாயத்திலும் நமக்கு வேண்டியதை மட்டும் பார்க்கலாம். கல்யாணக் கூட்டத்தில் சட்டையில் ரோஜாப்பூ குத்தினவங்களை மட்டும் எண்ணுகிற மாதிரி.

கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் வந்தன. ஒரே சேர்மம் என்று சொன்னார்கள். ஆனால் ஒரு உயரமான கோடு, அதிலிருந்து சரியாக 2 அலகு தள்ளி அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இன்னொரு கோடு. நடுவில் பொடிசாக ஒன்று. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, சாம்பிள் அழுக்கா இருக்கா, இல்லை மெஷினில் கோளாறா என்று கேட்டுவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பொடிசு கார்பனின் வேலை என்றார். பெரிய ஜோடி, மூலக்கூறில் இருக்கும் குளோரின். குளோரினில் 35 எடையும் 37 எடையுமாக இரண்டு வகை அணு உண்டு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். அழுக்கா, புது விஷயமா என்ற இதே கேள்வியோடு ஒரு மனிதர் ஏழு வருஷம் மல்லுக்கட்டினார், போய்ப் படி என்றார். அவர்தான் ஆஸ்டன்.

1877 செப்டம்பர் 1-ஆம் தேதி பர்மிங்காம் அருகே ஹார்போர்ன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா உலோக வியாபாரம், கொஞ்சம் விவசாயம். அம்மா துப்பாக்கி செய்பவர் ஒருவரின் மகள். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. பர்மிங்காமில் மேசன் கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் படித்தார். ஸ்காலர்ஷிப்பில் கொஞ்ச காலம் டார்ட்டாரிக் அமிலச் சேர்மங்களில் ஆராய்ச்சி. அப்புறம்? நம்மில் பலருக்கு நடப்பதுதான் அவருக்கும் நடந்தது. பிழைப்புக்கு வேலை தேட வேண்டிவந்தது. நொதித்தல் வேதியியல் கற்றுக்கொண்டு, 1900-இல் ஒரு பீர் ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தார். மூன்று வருஷம் அங்கே ஓட்டினார்.

வேலை நேரம் போக மீதி நேரத்தில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலேயே ஒரு பட்டறை வைத்துக்கொண்டு கண்ணாடி ஊதப் பழகினார். தன் கையாலேயே வேக்குவம் பம்பு செய்தார்! எக்ஸ்-கதிர் கண்டுபிடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்த காலம். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்வதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல வெற்றிடம் வேண்டுமென்றால் நல்ல பம்பு வேண்டும். கடையில் போய் வாங்குகிற சமாச்சாரமா அன்றைக்கு அது? 1902-இல் ஒரு என்ஜினையும் தானே செய்தார் என்று படித்தபோது, நம்ம மெக்கானிக்கல் பசங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1903-இல் அவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பாயின்டிங் என்ற பேராசிரியரிடம், தானே செய்த மின்னிறக்கக் குழாய்களோடு. எதிர்முனைக்குப் பக்கத்தில் மெல்லிசாகத் தெரியும் ஒரு இருண்ட பகுதியைக் கண்டார். அதற்கு இன்றும் ஆஸ்டன் இருள்வெளி என்றுதான் பெயர். இடையில் அப்பா இறந்துபோனார். ஆஸ்டன் உலகம் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் ஹொனலூலுவில் அலை மேல் பலகையில் நின்று சறுக்கக் கற்றுக்கொண்டாராம்.

1910-இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஜே.ஜே. தாம்சன் கூப்பிட்டார். ஆம், எலக்ட்ரான் கண்டுபிடித்த அதே தாம்சன்தான். மூளையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கை மட்டும் சொன்னபடி கேட்காது. கண்ணாடிக் கருவிகளை அவர் தொட வந்தாலே உதவியாளர் எவரெட்டுக்கு வயிற்றைக் கலக்குமாம். அப்படிப்பட்டவருக்குக் கைத்தொழில் தெரிந்த ஆஸ்டன் வந்து சேர்ந்தது பெரிய பாக்கியம். வந்ததும் ஆஸ்டன் செய்த முதல் காரியம் கருவியைச் சீர்செய்ததுதான். உருண்டையான பெரிய மின்னிறக்கக் குடுவை, இன்னும் நுண்ணிய பிளவு வைத்த எதிர்முனை, நல்ல பம்பு, வேக்குவம் லீக் கண்டுபிடிக்க ஒரு காயில், படம் பிடிக்கக் கேமரா என்று எல்லாவற்றையும் மாற்றியமைத்தார். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் அதிகாரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

தாம்சனின் முறை இதுதான். குழாயில் வாயுவைச் சிறிதளவு விட்டு மின்சாரம் பாய்ச்சினால் நேர்மின் அயனிகள் ஓடும். அந்த ஓட்டத்தை மின்புலமும் காந்தப்புலமும் வளைக்கும். ஒவ்வொரு எடைக்கும் தகட்டில் ஒரு வளைகோடு விழும். 1912-இல் நியான் வாயுவை விட்டுப் பார்த்தார்கள். 20-க்கு ஒரு கோடு. பக்கத்தில் 22-க்கு மங்கலாக இன்னொரு கோடு! நியானின் அணு எடை 20.2 என்று அப்போதே தெரியும். 22 எங்கிருந்து வந்தது?

முதல் சந்தேகம் அழுக்கு மேல்தான். கார்பன் டை ஆக்சைடின் எடை 44. அது இரண்டு எலக்ட்ரான் இழந்தால் 22 மாதிரியே விழும். சரி என்று திரவக் காற்றால் குளிர்வித்து கார்பன் டை ஆக்சைடை நீக்கிப் பார்த்தார்கள். 22 போகவில்லை. நியானோடு இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த ஏதோ சேர்மமாக இருக்கலாமோ என்பது தாம்சனின் யோசனை. ஒரே தனிமத்துக்கு இரண்டு எடை என்பதை அவர் மனம் சுலபத்தில் ஏற்கவில்லை. ஐசோடோப்பு என்ற பெயரையே சாடி 1913-இல்தான் வைத்தார், அதுவும் கதிரியக்கத் தனிமங்களைப் பார்த்து. சாதுவாக இருக்கும் நியானுக்கும் அது பொருந்துமா?

இரண்டும் நியான்தான் என்றால் பிரித்துக் காட்டு என்பதே கேள்வி. ஆஸ்டன் குளிர்ந்த கரியில் நியானை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிரியவில்லை. அடுத்து, புகைக்குழாய் செய்கிற வெள்ளைக் களிமண்ணின் நுண்துளைகள் வழியே நியானைக் கசியவிட்டார். லேசானது கொஞ்சம் சீக்கிரம் கசியும். கசிந்ததைச் சேர்த்து மறுபடியும், மறுபடியும்... மாதக்கணக்கில் இதே வேலை. கையில் மிஞ்சுவதோ ஒரு துளி வாயு. அதன் அடர்த்தியை அளக்க எந்தத் தராசு உதவும்? அதற்கென்று குவார்ட்ஸில் ஒரு நுண்தராசையும் தானே செய்தார். கடைசியில் ஒரு பக்கம் 20.15, மறு பக்கம் 20.28. அவ்வளவுதான் வித்தியாசம்! 1913-இல் இதைச் சொந்த ஊரான பர்மிங்காமில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் சொன்னார். நம்பினவர் சிலர், தலையாட்டிவிட்டுப் போனவர் பலர். எனக்கே அந்த வித்தியாசத்தைப் பார்த்தால் வைவாவில் எக்ஸ்டர்னல் ஏற்றுக்கொள்வாரா என்று சந்தேகம்தான்.

அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. ஆஸ்டனை ஃபார்ன்பரோ விமானத் தொழிற்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கால விமானத்துக்குத் துணிதான் இறக்கை. அந்தத் துணி விறைப்பாகவும் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்படியாகவும் இருக்கப் பூசும் பூச்சு பற்றிய வேலை. 1914-இல் சோதனை விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் தப்பிப் பிழைத்தார். நாலு வருஷமும் அவர் தலைக்குள் நியான் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அங்கே லிண்டமன் என்ற இயற்பியலாளர் அவருக்குத் தோழர். இருவரும் ஐசோடோப்புகளைப் பிரிப்பது சாத்தியமா என்று பேசிப் பேசி, 1919-இல் சேர்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

போர் முடிந்து கேவண்டிஷ் திரும்பியதும் வேறு வழியில் இறங்கினார். பிரித்துக் காட்ட முடியாவிட்டால் துல்லியமாக எடை போட்டுக் காட்டுவோம் என்று. தாம்சன் கருவியில் ஒரே எடையுள்ள அயனிகள் வேகம் மாறினால் வேறு வேறு இடத்தில் விழுந்து கோடு பரவிவிடும். ஒளி மங்கலாகிவிடும். ஆஸ்டன் போட்ட கணக்கு எளிமை. மின்புலத்தில் மெதுவாகப் போகும் அயனி அதிகம் வளையும், வேகமானது குறைவாக வளையும். சரி, விரியட்டும். பிறகு காந்தப்புலத்தை எதிர்த்திசையில் வளைக்கும்படி வைத்தால், அதிகம் விலகின மெதுவான அயனியே அதிகமாகத் திரும்பி வரும். சரியான இடத்தில் தகடு வைத்தால் வேகம் எதுவானாலும் ஒரே எடை ஒரே கோட்டில் வந்து விழும். நம்ம ஊர்த் தேர் முன்வடம் ஒரு பக்கம் இழுக்க, முட்டுக்கட்டை போடுபவர் மறு பக்கம் திருப்பி, கடைசியில் நிலைக்கு வந்து நிற்கிற மாதிரி. இதுதான் 1919-இல் பிறந்த மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக எடை சொன்னது.

நியானை விட்டார். 20, 22. இரண்டும் கூர்மையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்தன. பத்தில் ஒன்பது பங்கு 20-உம் ஒரு பங்கு 22-உம் கலந்தால் சராசரி 20.2. கணக்கு சரி! அடுத்து குளோரின். அதன் அணு எடை 35.46 என்ற முழுசில்லாத எண் நூறு வருஷமாக வேதியியலாளர்களின் தலைவலி. எல்லா அணுவும் ஹைட்ரஜனின் மடங்கு என்று பிரவுட் 1815-இல் சொன்ன கொள்கையைக் கவிழ்த்ததே அந்த மாதிரி எண்கள்தான். ஆஸ்டனின் தகட்டில் 35.46 என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை! 35-இலும் 37-இலும் கோடுகள் இருந்தன. நான் அந்த ஏசி அறையில் அழுக்கு என்று நினைத்த அதே ஜோடி.

1922 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பரிசு. இயற்பியல் பரிசு பெற நீல்ஸ் போரும், முந்தைய ஆண்டின் வேதியியல் பரிசு பெற சாடியும் அதே விழாவுக்கு வந்திருந்தார்கள். இயற்கையில் கிடைக்கும் 287 ஐசோடோப்புகளில் 212-ஐ அடையாளம் கண்டவர் ஆஸ்டன் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இனி வருவதுதான் லேசருக்கும் அவருக்கும் உள்ள உறவு. நியானும் குளோரினும் வாயு, குழாய்க்குள் தானே பரவும். இரும்பு, ஈயம், நிக்கல் எல்லாம்? கட்டியாக உட்கார்ந்திருக்கும் உலோகத்தை எப்படிப் பறக்க வைப்பது? சிலவற்றின் உப்பைச் சூடான நேர்முனையில் வைத்து அயனியை வெளியேற்றினார். மற்றவற்றுக்கு அவர் கண்ட வழி வேதியியல். நிக்கலோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்தால் நிக்கல் கார்போனைல் என்ற, சுலபமாக ஆவியாகும் திரவம். ஆவியை விட்டார், 58-உம் 60-உம் விழுந்தன. வெள்ளீயத்துக்கும் ஈயத்துக்கும் நாலு நாலு மெத்தில் தொகுதியை மாட்டிவிட்டார். யுரேனியத்துக்கு ஆறு ஃபுளோரின். 1931-இல் 238 தெரிந்தது. பறக்கத் தெரியாத அணுவுக்கு ஒரு துணையைக் கட்டி அனுப்பும் வித்தை! அக்காவின் பைரீன் டேக் வேலை செய்யும் விதம் வேறு, அது ஒளியைக் குடிப்பதற்காக. இது ஆவியாவதற்காக. ஆனால் பிரச்சினை ஒன்றுதான்: எடை போட வேண்டியதை முதலில் தட்டிலிருந்து கிளப்பியாக வேண்டும்.

இதில் டெட்ராமெத்தில் ஈயம் விஷம். நிக்கல் கார்போனைல் அதைவிடக் கொடியது. இன்றைக்கு நம்ம லேபில் ஃப்யூம் ஹூட் இல்லாமல் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க விடமாட்டார்கள். அவரோ பெரும்பாலும் தனியாகவே வேலை செய்தவர். அந்தத் துணிச்சலைப் பாராட்டுகிறேன், பின்பற்ற மாட்டேன்.

அந்த விஷத்துக்குக் கிடைத்த பலன் சின்னதில்லை. நார்வேயிலிருந்து வந்த ஒரு யுரேனியத் தாதுவில் இருந்த ஈயத்தை 1929-இல் அவர் அளந்தபோது 206-ஓடு 207-உம் இருந்தது. யுரேனியம் சிதைந்து ஈயமாகும் கணக்கை அதிலிருந்து பிடித்த ரூதர்ஃபோர்டு, பூமிக்கு 340 கோடி வருஷத்துக்கு மேல் வயது இருக்க முடியாது என்று மதிப்பிட்டார். இன்றைக்குத் தெரிந்த கணக்கு சுமார் 454 கோடி. தவறுதான். ஆனால் ஒரு துளி ஈய ஆவியை வைத்துப் பூமிக்கே வயது கேட்கலாம் என்று நிரூபித்தது அது.

தங்கம், பிளாட்டினம் போன்றவை மட்டும் ஆஸ்டனுக்கு மசியவில்லை. அவற்றை ஆவியாக்கும் துணை கிடைக்கவில்லை. சிகாகோவில் டெம்ப்ஸ்டர் என்பவர் வெற்றிடத்தில் தீப்பொறி பறக்கவிட்டு அவற்றைப் பிடித்தார். அதே முறையில் 1935-இல் யுரேனியம் 235-ஐயும் அவரே கண்டார். ஆஸ்டன் தவறவிட்ட அணு அது. லேசர் 1960-இல்தான் பிறந்தது. எதைத் தகட்டில் வைத்தாலும் ஒளியால் தட்டிக் கிளப்பலாம் என்பது ஆஸ்டனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எல்லா அணு எடையும் முழு எண் என்று வந்தபோது ஒன்றே ஒன்று இடித்தது. ஆக்சிஜனை 16 என்று வைத்தால் ஹைட்ரஜன் 1.008. நாலு ஹைட்ரஜன் சேர்ந்தால் 4.032 வர வேண்டும். ஹீலியமோ 4 தான். மீதி எங்கே? அளவுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆஸ்டன் ஒதுக்கவில்லை. அந்த மீதி எடைதான் சக்தியாக வெளியேறுகிறது, சூரியனும் நட்சத்திரங்களும் எரிவது இதனால்தான் என்று எடிங்டன் 1920-இலேயே அந்த அளவை வைத்துப் பேசினார். நோபல் உரையில் ஆஸ்டனும் இதைத் தொட்டார். கொஞ்சம் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை ஹீலியமாக்கினால் எவ்வளவு பெரிய சக்தி வெளிப்படும் என்று கணக்குச் சொன்னார். அந்தச் சக்தி மனிதன் கையை மீறினால் என்னாகும் என்ற பயத்தையும் அதே உரையில் சொன்னார்.

1925-இலும் 1930-களிலும் இன்னும் இரண்டு கருவிகள் கட்டினார். பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பிறகு லட்சத்தில் ஒரு பங்கு என்று நுணுக்கம் ஏறியது. அப்படியும் ஒரு இடத்தில் சறுக்கினார். ஹைட்ரஜனின் எடையை அவர் கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டார். அந்த எண்ணும் வேதியியலாளர்களின் எண்ணும் ஒத்துப்போயின. ஆனால் ஆக்சிஜனிலேயே 17, 18 என்ற ஐசோடோப்புகள் உண்டு என்று 1929-இல் தெரிந்தபின், அப்படி ஒத்துப்போகவே கூடாது! ஒத்துப்போகிறதென்றால் ஹைட்ரஜனிலும் ஒரு கனமான அணு ஒளிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இருவர் எழுதினார்கள். யூரி தேடிப் போய் 1931-இல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசே வாங்கிவிட்டார். அதற்கப்புறம் ஆஸ்டன் தன் எண்ணைத் திருத்தினார். முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் அந்தக் காரணம் சொல்லித் தேடவே வாய்ப்பில்லை. நம்ம ரெக்கார்டு நோட்டில் ரீடிங் தப்பினால் ரிபீட் என்று சிவப்பு மையில்தான் எழுதுகிறார்கள். இப்படியும் ஒரு தப்பு!

வாழ்க்கை விவரம் மற்றதெல்லாம் சுருக்கம்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிரினிட்டி கல்லூரியிலேயே தங்கிக்கொண்டார். பனிச்சறுக்கு, டென்னிஸ், கோல்ஃப், இசை, போட்டோ எடுப்பது. சூரிய கிரகணம் பார்க்க 1925-இல் சுமத்ரா, 1932-இல் கனடா, 1936-இல் ஜப்பான் வரை போனார். வகுப்பெடுப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கவில்லை. 1945 நவம்பர் 20-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இறந்தார். ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து மூன்றரை மாதம். அந்தக் குண்டுக்கான யுரேனியம் 235-ஐப் பிரித்ததில் பெரும்பங்கு அவர் கருவியின் வழிவந்த ராட்சத மின்காந்த இயந்திரங்களுக்கு உண்டு.

ஜப்பானில் 1980-களில் டனாகா என்ற பொறியாளர், மின்பொறியியலில் இளநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர், கைதவறி கிளிசரினை உலோகத் தூளில் கலந்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையே லேசருக்கு வைத்துப் பார்த்ததில் பெரிய புரதங்களைப் பறக்கவிட வழி பிறந்தது. 2002-இல் அவருக்கும் நோபல். அது தனிக் கட்டுரைக்கு உரியது, அடுத்த வருஷ மலர்க்குழு கவனிக்க.

ட்ரெயினிங்கின் கடைசிக்கு முந்தின நாள், அந்த மெஷினில் வேக்குவம் சரியாக ஏறவில்லை. ரோட்டரி பம்பில் ஆயில் கறுத்துப்போயிருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். பழைய ஆயிலை வடித்தேன். ஓ-ரிங்கைத் துடைத்துப் பார்த்தேன், ஒரு இடத்தில் முடி மாதிரி ஒரு வெட்டு. அதை மாற்றி, புது ஆயிலைக் கோடு வரை ஊற்றிப் பம்பைப் போட்டோம். கேஜில் முள் மெல்ல மெல்ல இறங்கியது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் அதே குளோரின் சாம்பிளைத் தகட்டில் வைத்து லேசரைத் தட்டினார் அக்கா. முதலில் உயரமான கோடு, 2 அலகு தள்ளி அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த முறை அது என்ன என்று நான்தான் மற்ற ஐந்து பேருக்கும் சொன்னேன்.